‘எதுக்கும்’ ஏறி வந்த ஜீப்பு

ஆத்தா, அப்பு, பிள்ளைகளா, இதை ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருத்தர் படித்துவிட்டு மற்றவருக்குச் சொல்ல வேண்டாம். நடுவில் ஆள் வைத்தால் சங்கதி மாறிப்போகும். அது எப்படி மாறும் என்பதைத்தான் நான் எழுதவே போகிறேன்.

போன வாரம் கடைக்குக் கிளம்பும்போது, "எதுக்கும் ஒரு கிலோ கூட வாங்கிட்டு வர்றேன்" என்று சொன்னேன். அடுப்படியிலிருந்து உங்க அம்மா, "அந்தப் பொம்பள இன்னும் சாகலையா?" என்று கேட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துச் சிரித்தாள். யார் அந்தப் பொம்பளை என்று நீங்கள் இருவரும் மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். அவள் சிரித்து முடிக்கிற வழியாக இல்லை. நானும் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாயால் சொன்னால் பாதியிலேயே நானும் சிரித்துக் கெடுத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. எழுத்தில் பிழை இருக்கலாம், நடந்ததில் பிழை இருக்காது.

அப்போது ஆத்தா இரண்டாம் வகுப்பு, அப்பு இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. என் சோலி இப்போது போலத்தான். காலையில் பால் சொசைட்டி வாசலில் பெண்களை ஏற்றி, முந்தல் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவேன். சாயந்திரம் ஏற்றிக்கொண்டு வருவேன். அந்தப் பெண்களில் உங்க அம்மாவும் ஒருத்தி. செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்ந்து கிடக்கும் சரங்களில், விளைந்த காயாகப் பார்த்துப் பறிக்கிற வேலை. விளையாத காயைப் பறித்தால் தோட்டத்துக்கு நஷ்டம். விளைந்ததை விட்டுவைத்தால் அது செடியிலேயே வெடித்துப்போகும்.

ஜீப்பின் பின்னால் இரண்டு பக்கமும் நீளப் பெஞ்சு. நடுவில், கதவை ஒட்டி, ஒரு குறுக்குப் பலகையைப் போல்ட்டுப் போட்டு முடுக்கியிருந்தேன். ஆள் கூடுதலாக வந்தால் உட்கார வைக்க. அதில் உட்கார்ந்தவர்களின் முழங்கால் மற்றவர்கள் முழங்காலோடு முட்டும். ஒவ்வொரு வளைவிலும், "ஏம்மா, மடியிலேயே உக்காந்துக்க" என்று ஒரு சத்தம் வரும். பெரும்பாலும் உங்க அம்மாவுக்குத்தான் அந்தப் பலகை. டிரைவர் பெண்டாட்டி நல்ல இடத்தில் உட்கார்ந்தால் மற்றவர்கள் பேசுவார்களாம்.

நாளைக்கு எத்தனை பேர் வேண்டும் என்பது எங்களுக்கு எப்படி வந்து சேரும் என்று சொல்கிறேன். தோட்டத்து மேனேஜர் மலையாளத்துக்காரர். அவர் சாயந்திரம் கங்காணியிடம் ஓர் எண்ணிக்கை சொல்வார். கங்காணி என்பவர் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே குடியிருந்து ஆட்களை வேலை வாங்குகிறவர். என்னை ‘மாப்ளே’ என்பார், நான் ‘மாமா’ என்பேன். சொந்தம் இல்லை, மலையில் பழகிய முறை. அவர் என்னிடம் சொல்வார். நான் ஊருக்கு இறங்கி வந்து உங்க பெரியம்மாவிடம் சொல்வேன். எனக்கு மதினி, என் அண்ணன் பெண்டாட்டி. தெருவில் வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பது அவள்தான். ஆக மேனேஜர் வாயிலிருந்து கிளம்பிய எண்ணிக்கை மூணு ஆள் தாண்டித்தான் நம் தெருவுக்கு வரும். மேனேஜர் மதினியைப் பார்த்ததில்லை. மதினி மேனேஜரைப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் மழை நல்லபடியாகப் பெய்து, சரம் சரமாகக் காய் பிடித்திருந்தது. ஆனால் தோட்டத்தில் ஒருத்தர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. ஒருநாள் ஜீப்பு நிறைந்து வழியும். இத்தனை பேருக்கு வேலை இல்லை என்று பாதிப் பேரைத் திருப்பி விடுவார்கள். விடியுமுன் எழுந்து, சோறாக்கி, தூக்குவாளியில் அடைத்து, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். மறுநாள் மதினி கதவைத் தட்டினால் அவர்கள் எழுந்து வருவார்களா? தேவாரம் பக்கம் கடலை பிடுங்கப் போய்விடுவார்கள். அங்கே ஒரு காட்டுக்குப் போனால் அந்தக் காடு முடிகிற வரைக்கும் வரமாட்டார்கள். அதனால் இன்னொரு நாள் என் ஜீப்பில் காற்று மட்டும் ஏறி வரும்.

அப்படி ஒருநாள் ஆறு பேரைக் கொண்டுபோய் இறக்கினேன். கங்காணி பெஞ்சுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தார்.

"என்ன மாப்ளே, மிச்ச ஆளக் கீழ ஒளிச்சு வச்சிருக்கியா?"

"நேத்து நீங்கதான மாமா திருப்பி விட்டீக. அவுக தேவாரத்துக்குப் போய்ட்டாக."

"நேத்துச் சோலி இல்ல, திருப்பி விட்டேன். இன்னைக்குக் காய் வெடிச்சுக் கெடக்கு. அணிலக் கூப்புட்டுப் பறிக்கச் சொல்லவா?"

"அது கூலி கேக்காது மாமா."

"நக்கலு! நாளைக்கு ஆளு வரணும். எங்கிட்டாச்சும் பிடிச்சுக் கொண்டா."

காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு மேனேஜர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "அண்ணே, இந்த சுத்து வரைக்கும் ஞான் பாக்கும். சரியாகலெங்கில் வடக்கேந்து ஆளு வரும். லயத்தில வீடு காலியா உண்டு. ஏஜென்ட் தினமும் போன் விளிக்குது" என்றார்.

தோட்டம் முழுக்க ஒருமுறை காய் எடுத்து முடிப்பதைத்தான் சுத்து என்போம். இந்தச் சுத்தும் இப்படியே போனால், அடுத்த சுத்துக்கு வடநாட்டு ஆட்களை லயத்தில் தங்க வைத்துவிடுவார். அவர்கள் அங்கேயே இருப்பார்கள், ஜீப்பு வேண்டாம், மதினி வேண்டாம், நம் தெரு வேண்டாம். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. கோபம் சாயந்திரத்துக்குள் ஆறிவிடும். அவர் அமைதியாகச் சொன்னார்.

அன்றைக்கு இறங்கி வரும்போது உங்க அம்மா முன் சீட்டில் இருந்தாள். இடம்தான் நிறைய இருந்ததே. முந்தல் வரும்வரை பின்னால் காலியாகக் கிடந்த பெஞ்சைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், "திருப்பூர்ல எங்கக்கா வேல பாக்குற பனியன் கம்பெனில ஆளு எடுக்குறாகளாம். தங்குறதுக்கு ரூமும் குடுப்பாகளாம்" என்றாள்.

"பிள்ளைக?"

"அதான் கேட்டேன். பிள்ளைகளக் கூட்டிட்டு வந்தா ரூமு இல்லையாம்."

வீட்டு வாசலில் நீங்கள் இருவரும் ஹாரன் சத்தம் கேட்டு ஓடி வந்தீர்கள். அப்புவைத் தூக்கிக்கொண்டு உங்க அம்மா உள்ளே போனாள். தோட்டம் கைவிட்டுப் போனால் உங்க அம்மா ஒரு ஊரில், நீங்கள் ஒரு ஊரில். இதுதான் எனக்கு அப்போது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சில நாள் கழித்துக் கங்காணி எண்ணிக்கை சொன்னார். நான் மதினியிடம் சொன்னேன். மறுநாள் காலையில் பால் சொசைட்டி வாசலில் பார்த்தால், திருவிழாவுக்குக் கிளம்பின மாதிரி கூட்டம். தேவாரத்தில் கடலைக் காடு முந்தின நாள்தான் முடிந்திருந்தது. அங்கே போனவர்களும் வந்து நிற்கிறார்கள், போகாதவர்களும் நிற்கிறார்கள். என் பலகையில் மூன்று பேரை நெருக்கி உட்கார வைத்தும் இடம் பற்றவில்லை. இன்னொரு ஜீப்பைக் கூப்பிட வேண்டியதாயிற்று. நீ ஏறு, நான் ஏறு என்று சண்டை. முழங்கால் வலிக்காரி, மலையேறாத மதினி, "நானே வந்து பேசிக்கிறேன், ஒருத்தியையும் திருப்பி விடமாட்டாக" என்று சொல்லி என் முன் சீட்டில் ஏறிவிட்டாள்.

அவள் ஏறினது நல்லதாய்ப் போயிற்று. அந்த நாலு பேரும், மேனேஜர், கங்காணி, நான், மதினி, ஒரே முற்றத்தில் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை.

இரண்டு ஜீப்பும் வந்து நின்றதும் மேனேஜர் ஸ்டோருக்குள்ளிருந்து வெளியே வந்தார். "எந்தா இது? கல்யாணத்துக்கு வந்த ஆளா? ஞான் பன்னெண்டு அல்லே சொன்னது?"

எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு பேர். கங்காணி என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன்.

"என்னைய ஏன் பாக்குறீக?" என்றாள் மதினி. "எங்கொழுந்தனாரு பதினெட்டுன்னு சொன்னாரு."

"பதினெட்டா?" என்று கங்காணி என் பக்கம் திரும்பினார். "நான் பதினஞ்சுதான மாப்ளே சொன்னேன்?"

"ரெண்டு மூணு பேரு எப்பவும் கடைசி நேரத்துல நின்னுக்கிறாக மாமா. அதான் எதுக்கும் மூணு கூடச் சொன்னேன். அது சரி, சார் பன்னெண்டுங்கிறாரு, நீங்க பதினஞ்சுன்னீக?"

கங்காணி தொண்டையைச் செருமினார். "நீ எப்பவும் கொறைச்சுத்தான கொண்டாருவ. எதுக்கும் இருக்கட்டும்னு..."

"ஓகோ" என்றாள் மதினி. "அப்ப நான் மட்டும் என்ன செய்வேன்? பதினெட்டுல நாலு பேரு வராமப் போனா எங்கொழுந்தனாரு மூஞ்சியத் தூக்கிக்குவாரேன்னு எதுக்கும் நாலு வீட்ல கூடச் சொல்லி வச்சேன். என்னைக்கும் வராத மகராசிக எல்லாம் இன்னைக்கா பாத்துக் கெளம்பி வருவாளுக?"

அப்போதுதான் ஜீப்பின் பின்னாலிருந்து, பலகையில் நசுங்கிக்கொண்டு, உங்க அம்மா குரல் கொடுத்தாள்.

"ஆமா, யாரு அந்த ‘எதுக்கும்’? எந்தத் தெருக்காரி? நீங்களும் அவளுக்கு எடம் போட்டுருக்கீக, கங்காணியண்ணனும் எடம் போட்டுருக்காரு, அக்காவும் போட்டுருக்கு. பாதி ஜீப்ப அவதான் அடைச்சுக்கிட்டு வர்றா. ஒரு காயக் கூடப் பறிக்க மாட்டேங்கிறா!"

இரண்டு ஜீப்பும் சிரிப்பில் குலுங்கின. "அவ ஒருத்தியா வரல, குடும்பத்தோட வந்துருக்கா" என்றாள் ஒருத்தி. "தூக்குவாளி கூடக் கொண்டாரல பாரு, நம்ம சோத்தத்தான் திங்கப் போறா" என்றாள் இன்னொருத்தி. மேனேஜருக்கு முதலில் புரியவில்லை. கங்காணி அரைத் தமிழும் அரை மலையாளமுமாக விளக்கிச் சொன்னார். மேனேஜரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தி, பிடரியைச் சொறிந்தார்.

"சத்தியம் சொன்னா, எனக்குப் பத்து ஆளு மதி. எப்பளும் ரெண்டு ஆளு வராது. அதுகொண்டு பன்னெண்டு சொன்னதா."

மதினி இடுப்பில் கையை வைத்தாள். "அட, அந்தப் பொம்பளைக்கு மலையாளமும் தெரியுமா!"

பத்துப் பேர் வேண்டிய இடத்துக்கு இருபத்திரண்டு பேர். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒவ்வொருத்தரும் பக்கத்து ஆளை மட்டும் பார்த்து, அவர் விட்டதை நாம் சேர்த்து வைப்போம் என்று நல்ல மனசோடுதான் சேர்த்தார்கள். மேலே ரெண்டு கூடுதலாகக் கிளம்பியது கீழே வரும்போது பன்னிரண்டு கூடுதலாகிவிட்டது. பிள்ளைகளா, இந்த மாதிரிக் குளறுபடிக்கு ஒரு திருடனைத் தேடினால் கிடைக்கமாட்டான்.

மேனேஜர் அன்றைக்கு யாரையும் திருப்பி விடவில்லை. பத்துப் பேரைக் காய் எடுக்க விட்டார். மீதிப் பேரைக் களை பிடுங்கவும், செடித் தூரில் மண்டிய காய்ந்த தோகையைக் கழிக்கவும் விட்டார். மதியம் சோற்று நேரத்தில் நாலு பேரும் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்தோம். மேனேஜருக்கு மதினி உங்க அம்மா தூக்குவாளியிலிருந்து கருவாட்டுக் குழம்பு எடுத்து ஊற்றினாள். பேச்சு அதற்கப்புறம்தான் சுலபமாயிற்று.

எனக்குத் தெரிந்தது ஜீப்பு ஒன்றுதான். அதை வைத்தே சொன்னேன். பழைய ஜீப்பில் ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கும். திருப்பினால் உடனே சக்கரம் திரும்பாது, கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பும். புதிதாக ஓட்டுகிறவன், அடடா திரும்பலையே என்று இன்னும் ஒடிப்பான். அவன் முதலில் ஒடித்தது அப்போதுதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும், கூடவே இரண்டாவது ஒடிப்பும் சேரும், வண்டி பள்ளத்தைப் பார்த்துப் போகும். பதறிப்போய் மறுபக்கம் ஒடிப்பான். அது பாறையைப் பார்த்துப் போகும். ரோடு நேராகத்தான் இருக்கும், வண்டி மட்டும் பாம்பு மாதிரி போகும். கொஞ்சமாகத் திருப்பிவிட்டு, கையை அசைக்காமல் காத்திருக்க வேண்டும். அதற்குத்தான் தைரியம் வேண்டும்.

"நம்ம தோட்டத்துலயும் அந்த ஆட்டந்தான் சாரே" என்றேன். "நீங்க இன்னைக்குத் திருப்பி விட்ட ஆளுக ஒரு வாரம் கழிச்சுத்தான் திரும்பி வர்றாக. அதுக்குள்ள நீங்க ஆளக் கூட்டிச் சொல்லிடுறீக."

ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மேனேஜர் தேவையான எண்ணிக்கையைப் போனில் பேசிப் பதிவு செய்து, எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். நடுவில் யாரும் ஒன்று கூடச் சேர்க்கக் கூடாது. எந்தச் சரிவில் காய் முந்தி விளையும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கூப்பிட்ட ஆளைத் திருப்பி விடவே கூடாது. வர முடியாதவள் முந்தின சாயந்திரமே மதினியிடம் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது இது: ஒருநாள் ஆள் குறைந்தால், மறுநாளே அதை ஒட்டுமொத்தமாகப் பிடிக்கப் பார்க்கக் கூடாது.

"கேக்க நல்லாத்தான் இருக்கு மாப்ளே" என்றார் கங்காணி. "காய் வெடிச்சுக் கெடக்கும்போது எனக்குக் கை நடுங்குமே."

"நடுங்கட்டும் மாமா. போன மட்டும் எடுக்காதீக."

அன்றைக்குச் சாயந்திரமே மேனேஜர் குரல் போனில் வந்தது. "நாளெ பத்து பேர். எதுக்கும் இல்லா." மதினி அதைத் தெரு முழுக்கப் போட்டுக் காட்டினாள். இருந்தாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் வாசலுக்கு வந்து, "கொழுந்தனாரே, இன்னும் ரெண்டு வீட்ல சொல்லச் சொல்லி நாக்கு நுனியில நிக்குது" என்றாள்.

"முழுங்குங்க மதினி."

"தண்ணி குடுங்க, முழுங்குறேன்" என்றாள். குடித்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் பத்துப் பேருக்கு எட்டுப் பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த நாள் ஒன்பது. நாங்கள் கூட்டவில்லை. அப்புறம் பத்துப் பேர் வரத் தொடங்கினார்கள். ஒருத்தியையும் திருப்பி விடவில்லை என்கிற சேதி தெருவுக்குள் போய்ச் சேர அத்தனை நாள் பிடித்தது. கூப்பிட்டால் வேலை உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. இது நிச்சயமான பிறகு, கூப்பிட்டவள் எவளும் வராமல் நிற்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் பெருமழை வந்தது. ஒருநாள் காலையில் நாங்கள் பாதி மலை ஏறியிருப்போம், வளைவில் மரம் ஒன்று மண்ணோடு சாய்ந்து ரோட்டை அடைத்துக் கிடந்தது. முன்னால் பஸ்சு, லோடு வண்டி எல்லாம் வரிசையாக நின்றன. மரத்தை அறுத்து முடிக்கப் பொழுதாகும் என்றார்கள். வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்.

கங்காணி போனில் கத்தினார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். "மாப்ளே, இன்னைக்கு ஒரு கை கூட இல்ல! மழைக்குக் காய் எல்லாம் வெடிச்சிரும். நாளைக்கு ரெண்டு வண்டி கொண்டா. தெருவுல இருக்குற ஆள் பூராம் கொண்டா!"

ரோட்டோரத்தில் இறங்கி முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்ற பெண்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சுத்து முடியப் பாதிக்கு மேல் போயிருந்தது. இதில் தவறினால் எல்லாம் போயிற்று. பழைய பழக்கம் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சரி மாமா என்று சொல்லியிருப்பேன்.

உங்க அம்மா மழைக்குள் கையை நீட்டி, சாய்ந்த மரத்துப் பக்கம் காட்டினாள். "அந்தா பாருங்க, அவ வந்துட்டா. ரோட்டோரமா நின்னு கை காட்டுறா. ஏத்திக்கிருவமா?"

நனைந்துகொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் மூச்சு வந்தது. மேனேஜரைப் போனில் பிடித்தேன். "சாரே, கெழக்குச் சரிவுலதான காய் முந்திருக்கு? நாளைக்குப் பத்துக்குப் பதிலாப் பன்னெண்டு பேரக் கொண்டாறேன். மொதல்ல அதை எடுப்போம். இன்னும் நாலஞ்சு நாளைக்கு அதே பன்னெண்டு. மேக்குச் சரிவு பொறுக்கும். ரெண்டு வண்டி வேண்டாம். இப்ப எல்லாரையும் ஏத்திட்டு வந்தா, நாளன்னைக்கு உங்களுக்கு ஆறு பேருதான் மிஞ்சுவாக."

அந்தப் பக்கம் மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் நாளையும் ஆளையும் பெருக்கிப் பார்ப்பது கேட்டது. "ஆச்சு அண்ணே. பன்னெண்டு" என்றார். பக்கத்தில் கங்காணி, "வெடிச்சா எம்மேல பழி போடாதீக" என்று முணுமுணுத்ததும் கேட்டது.

மறுநாள் காலையில் பால் சொசைட்டி வாசலில் பதினோரு பேர் ஏறிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆளைக் காணோம். கூப்பிடாத ஒருத்தி, சும்மா பார்க்கலாம் என்று தூக்குவாளியோடு வந்து நின்றாள். மதினி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வெரசாச் சொல்லுங்க, ஏத்திவிடவா?" என்றாள். நான் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அசையாமல் இருந்தேன். வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

தெருமுக்கிலிருந்து ஒரு சத்தம். "ஏய், என்னைய விட்டுட்டு அந்த எதுக்கும் மகள ஏத்திட்டுப் போயிராதீக!" தூக்குவாளி ஒரு பக்கம் ஆட, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பன்னிரண்டாவது ஆள் ஓடி வந்தாள். ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "சொன்னாச் சொன்னதுதான. வருவேன்ல?" என்றாள். ஜீப்பு கிளம்பும்போது பெண்கள் போட்ட குலவை பால் வாங்க வந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

கிழக்குச் சரிவை எடுத்தோம். பிறகு தெற்கு. மேற்குச் சரிவு நான் சொன்னபடியே பொறுத்தது. ஒவ்வொரு நாளும் கங்காணி சரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். வெடித்த காய் ஒன்றிரண்டு கிடைத்தால் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் காட்ட வருவார். அப்புறம் அதுவும் குறைந்தது. கடைசிச் சரிவு முடிந்த அன்று வெறுங்கையோடு வந்தார். "ஒண்ணும் அம்புடல மாப்ளே" என்றார். காட்ட ஒன்றும் இல்லையே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம் கூட.

ஸ்டோருக்குள் காய் உலர்ந்துகொண்டிருந்தது. அந்த வாசனை வாசல் வரைக்கும் வந்து முகத்தில் அடித்தது. மேனேஜர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து, எங்கள் முன்னாலேயே ஏஜென்டுக்குப் போன் போட்டார். அவர் பேசியதில் எனக்கு ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. "வேண்டா" என்றார். அது தமிழிலும் புரியும், மலையாளத்திலும் புரியும். போனை வைத்துவிட்டு, "அடுத்த சுத்தும் நீங்கதான். பக்கத்து தோட்டத்து மேனேஜரும் கேக்குன்னுண்டு, உங்க ஆளு எப்படி இத்தற கரெக்டா வருதுன்னு" என்றார்.

அன்றைக்குக் கடைசி நாள் என்று மதினியும் மலையேறி வந்திருந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ரெண்டு தோட்டத்துக்கும் நானே ஆளு கூப்புடுறேன் சாரே. ஆனா எண்ணித்தான் கூப்புடுவேன். கொசுறு கேட்டா காய்கறிக் கடைக்குப் போங்க."

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தேன். எதிரே வண்டி வந்தாலும் அடித்தேன், வராவிட்டாலும் அடித்தேன். பின்னால் பாட்டு. உங்க அம்மா பாட்டுக்கு நடுவிலேயே திருப்பூருக்குப் போன் போட்டாள். "அக்கா, நான் வரல. தோட்டம் எங்களுக்கே நெலச்சுருச்சு." அந்தப் பக்கம் அவள் அக்கா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. உங்க அம்மா போட்ட கூச்சல்தான் கேட்டது. "எதுக்கும் எடம் சொல்லி வைக்கவான்னா கேக்குற? அவ பேர எடுக்காதக்கா! அவள இப்பத்தான் மலையில எறக்கி விட்டுட்டு வர்றோம்!"

எல்லோரையும் பால் சொசைட்டி வாசலில் இறக்கிவிட்டேன். உங்க அம்மா உங்களைத் தேடி வேகமாக நடந்து போனாள். பொழுது இன்னும் சாயவில்லை. வண்டியைக் கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் முந்தலுக்குத் திரும்பி வந்து, தண்ணீர் ஓடுகிற இடத்தில் நிறுத்தினேன். பக்கத்தில் யாரும் இல்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறி, குறுக்குப் பலகையின் போல்ட்டுகளைக் கழற்றினேன். ஒன்று துருப்பிடித்து வர மறுத்தது. எண்ணெய் விட்டுக் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி திருப்பினேன். வந்துவிட்டது. பலகையை இறக்கி வெளியே சாய்த்து வைத்தேன். போல்ட்டுகளை முன்னால் பெட்டியில் போடப் போனேன். எதுக்கும் இருக்கட்டும் என்று கை தானாகப் போயிற்று. தனியாக நின்று சிரித்தேன். பழைய இரும்புக்குப் போடுகிற டப்பாவில் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டேன்.

பிறகு உங்க அம்மா எப்போதும் நசுங்கி உட்காருகிற அந்தக் கதவோரத்துக்குப் போய், பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டிப் பார்த்தேன். எதிர்ப் பெஞ்சு வரைக்கும் எட்டியது. நடுவில் எதிலும் முட்டவில்லை.